அவர் கேட்ட ஒரு சுத்து

பௌர்ணமிக்குக் கடையை மூடற டீக்கடைக்காரி இந்தத் திருவண்ணாமலையிலேயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அன்னிக்கு ஊர் கொள்ளாம ஜனம் வரும். கற்பூரம் விக்கறவ, தண்ணி பாட்டில் விக்கறவன், செருப்பைப் பாத்துக்கிறவன், எல்லாருக்கும் அந்த ஒரு நாள்தான் மாசத்துப் பொழப்பு. நான் மட்டும் ஷட்டரை இறக்கிட்டு உள்ள படுத்துக்குவேன். பக்கத்துல பழக்கடை வெச்சிருக்கிற பாய் மாசாமாசம் தலையில அடிச்சிக்குவாரு. உடம்பு சரியில்ல, பால் வரல, கேஸ் தீந்துபோச்சுன்னு நானும் மாசத்துக்கு ஒரு பொய் சொல்லிப் பாத்துட்டேன். இப்பல்லாம் பொய் சொல்லக்கூட தெம்பு இல்ல. ஒரே தடவையா சொல்லித் தொலைச்சிடறேன்.

மலை சுத்தற பாதை மறுபடியும் டவுனுக்குள்ள நுழையற எடத்துல, ஒரு லிங்கக் கோயிலுக்கு எதுத்தாப்ல என் கடை. கிரிவலம்னா மலையை வலது கைப்பக்கம் வெச்சித்தான் சுத்தணும். இடப்பக்கம் வெச்சி சுத்தறது பாவம்னு இங்க பொறந்த புள்ளைங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதே இல்ல. ஜனம் பாதிக்கு மேல நடந்து, கால் கொதிச்சி, ஒரு டீ கெடைக்காதான்னு ஏங்கறப்பதான் என் கடை வரும். வர்றவங்க எல்லாரும் எனக்கு எதுத்தாப்லதான் வருவாங்க, அதனால எனக்கு மூஞ்சி தப்பவே தப்பாது. இதைக் கோர்ட்டுலயும் சொன்னேன்.

எனக்குப் புருஷன் இல்ல, புள்ள இல்ல. இருந்தது ஒரே தங்கச்சி. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்க ஊரு, மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடற குடும்பம். அம்மா போனப்புறம் அவளுக்குத் தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, மாப்பிள்ளை பாத்துக் கட்டிக் குடுத்தது எல்லாமே நான்தான். மலைக்கு மேக்கால இருக்கிற ஒரு ஊர்ல அவளுக்கு வீடு.

அவ வீட்டுக்காரர் செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துப் பக்கம், ஒரு விடுதியில வேலை பாத்தாரு. காலைல போய் கேட்டைத் திறந்து, மோட்டார் போட்டு, செடிக்குத் தண்ணி விடணும். பீடி கெடையாது, குடி கெடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை கெடையாது. பேசினாத்தானே அதிர்றதுக்கு. சோத்தைப் போட்டா சாப்புடுவாரு, பாயைப் போட்டா படுத்துக்குவாரு. அவருக்கு இருந்த ஒரே ஆசை கிரிவலம். பௌர்ணமி தவறாம வெறுங்கால்ல சுத்திட்டிருந்த மனுஷன், முட்டி போனப்புறம் சுத்த முடியல. ஆட்டோலயாவது ஒரு சுத்து கூட்டிட்டுப் போடின்னு இவளைக் கேட்டுக்கிட்டே இருப்பாரு. ஆட்டோல சுத்தினா புண்ணியம் ஆட்டோவுக்குத்தான் போகும், உனக்கு எதுக்குன்னு இவ கிண்டல் பண்ணுவா. நாங்க எல்லாரும் சிரிப்போம், அவரும் சிரிப்பாரு. மறுவாரம் திரும்பக் கேப்பாரு.

என் தங்கச்சி வெளிநாட்டுக்காரங்க தங்கற ரூமுங்கள்ல சமைச்சிப் போட்டுட்டிருந்தா. அங்கேர்ந்து சாயந்திரம் அவளை வீட்டுல கொண்டாந்து விடறதுக்குன்னு ஒரு ஆட்டோக்காரன் வந்து சேர்ந்தான். மலை சுத்த முடியாத பெரியவங்களை, வெளியூர்க்காரங்களை ஆட்டோவுல உக்கார வெச்சி ஒரு சுத்து சுத்திக் காட்டறதுதான் அவன் தொழிலு. ஒவ்வொரு லிங்கத்துக்கிட்டயும் நிறுத்துவான். என் கடைகிட்டயும் நிறுத்துவான். வெள்ளைக்காரன்கிட்ட இங்கிலீஷு, ஆந்திராக்காரங்ககிட்ட தெலுங்கு, என்கிட்ட அக்கா. சட்டை கசங்காது, சென்ட் வாசனை ஆட்டோவுக்கு முன்னாடி வரும். ஆளு பாக்க நல்லாத்தான் இருப்பான், அதை நான் இல்லைன்னு சொல்லல.

ஒரு சித்திரை மாச மத்தியானம் ரெண்டு பேரும் கடைக்கு வந்தாங்க. தார் ரோடு இளகிக் கெடந்துது. அவ தலைக்குக் குளிச்சி, ஈரம் ஜாக்கெட் முதுகுல எறங்கியிருந்துது. அவன் டீயைப் பாதி குடிச்சிட்டு கிளாஸை நீட்டினான். இவ அதை வாங்கி, அவன் வாய் வெச்ச எடத்துலயே வாய் வெச்சி மீதியைக் குடிச்சா. என்னைப் பாத்துக்கிட்டே குடிச்சா.

அப்புறம் என் காதுக்கும் வந்துது. மேக்கால காட்டோரத்துல, மழையும் இல்ல பனியும் இல்ல, உச்சி வெயில்ல ரெண்டு பக்கமும் படுதாவை இறக்கி விட்டுட்டு ஒரு ஆட்டோ நிக்குதுன்னா உள்ள இன்னா நடக்குதுன்னு கேக்கறதுக்கு யாரும் பச்சைக் கொழந்தை இல்ல. அவளைக் கூப்பிட்டு வெச்சி நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டேன். அவ அழுவல, மறுக்கவும் இல்ல. அந்த வீட்டுல நான் செவுத்துல மாட்டின காலண்டர்க்கா, தேதி கிழிக்கறப்ப மட்டும்தான் பாக்கறாங்கன்னு சொன்னா. இவன் என்னைப் பாக்கறான், எனக்கு உடம்பெல்லாம் உசுரு வருதுன்னு சொன்னா. அக்காகிட்ட பேசற பேச்சாடி இதுன்னு கையை ஓங்கிட்டேன். ஓங்கின கையை அப்படியே இறக்கிக்கிட்டேன், அடிக்க மனசு வரல. விட்டுடுடி, தங்கமான மனுஷன்டின்னு கெஞ்சினேன். சரிக்கான்னா. அவ சொன்ன சரிக்கு இன்னா அர்த்தம்னு எனக்கு எப்பவுமே தெரியும்.

அடுத்த தை மாசம். பனின்னா பனி, எதுத்தாப்ல இருக்கிற லிங்கக் கோயில் கோபுரமே தெரியல. விடிஞ்சும் விடியாம இருக்கறப்ப நான் பாலைக் காய வெச்சிட்டிருந்தேன். அவன் ஆட்டோ வந்துது. ரெண்டு பக்கமும் படுதா இறக்கியிருந்துது, பனிக்கு எல்லாரும் இறக்கறதுதான். வழக்கமா லிங்கத்துக்கிட்ட வந்தா இஞ்சினை அணைச்சிட்டு, அக்கா ஸ்ட்ராங்கா ஒண்ணுன்னு கொரல் குடுப்பான். அன்னிக்கு இஞ்சின் ஓடிட்டே இருந்துது. அவன் என் பக்கம் திரும்பவே இல்ல.

படுதா கொஞ்சம் வெலகி, ரெண்டு கை வெளிய வந்து லிங்கத்தைப் பாத்துக் கும்பிட்டுது. கரும்பச்சை கண்ணாடி வளையல். தீபத்துக்கு நான் வாங்கிக் குடுத்தது. நான் கடையை விட்டு இறங்கி ஆட்டோகிட்ட போனேன். உள்ள என் தங்கச்சி. அவ தோள்ல தலையைச் சாச்சிக்கிட்டு அவ வீட்டுக்காரர். காதை மூடி துண்டு கட்டியிருந்துது, கண்ணு மூடியிருந்துது.

"அடிப்பாவி, கடைசில கூட்டிட்டு வந்துட்டியாடி" அப்படின்னேன். சந்தோஷத்துல சொன்னது. டீ குடிச்சிட்டுப் போங்கன்னேன்.

"தூங்கறாருக்கா," அப்படின்னா. "எழுப்பாத."

ஆட்டோ டவுன் பக்கமா போயிடுச்சு. நான் நடுரோட்டுல நின்னுக்கிட்டு லிங்கத்தைப் பாத்துக் கும்பிட்டேன். கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. புத்தி வந்துடுச்சு இவளுக்கு, அவன் ஆட்டோலயே புருஷனைக் கூட்டிட்டு இவ சுத்தறான்னா எல்லாம் முடிஞ்சிபோச்சுன்னுதானே அர்த்தம்னு நானே கணக்குப் போட்டுக்கிட்டேன். மொத டீயை ஒரு சாமியாருக்குக் கொண்டுபோய் சும்மா குடுத்தேன். அவ்ளோ நிம்மதி எனக்கு.

வெயில் வந்து பனி கலைஞ்சப்ப போன் வந்துது. தங்கச்சி வீட்டுக்காரர் மதகுக்குக் கீழ விழுந்து செத்துக் கெடக்கறாருன்னு. எந்த மதகுன்னு கேட்டேன். அவ வீட்டுலேர்ந்து செங்கம் ரோட்டுக்குப் போற வழியில, கூப்பிட்டா கேக்கற தூரத்துல ஒண்ணு இருக்குது, தினம் அதைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போவாரு. சுத்தி முடிச்சிட்டு அங்க எறங்கியிருப்பாரு, முட்டி மடங்கி வழுக்கியிருக்கும்னு நெனச்சிக்கிட்டேதான் ஓடினேன்.

அவ தலைவிரி கோலமா தரையில உக்காந்து அழுதுட்டிருந்தா. ஒரு போலீஸ்காரர் குனிஞ்சி கேட்டுட்டிருந்தாரு. விடியக்காலைல வேலைக்குன்னு நடந்து போனாரு சார், நான் வாசப்படியே தாண்டலன்னு அவ சொல்லிட்டிருந்தா. நான் பின்னாடி நின்னுட்டிருந்தேன். தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. ஒரு நிமிஷம் அழுகை நின்னுது. அப்புறம் மறுபடியும் அழுதா. நான் செவுத்தோரமா உக்காந்துட்டேன். அந்த ஆட்டோல தூங்கிட்டிருந்தவரு தூங்கல.

பொணத்தை அறுத்துப் பாத்த டாக்டரு இது விழுந்து செத்தது மாதிரி தெரியல, தலைக்காணி மாதிரி எதையோ வெச்சி மூச்சை அமுக்கியிருக்கலாம்னு எழுதிட்டாரு. போன்ல யாரு யார்கிட்ட பேசினாங்கன்னு எடுத்தப்ப ஆட்டோக்காரன் மாட்டினான். என் தங்கச்சியையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஆனா அன்னிக்கு ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தாங்கன்னு பாத்த சாட்சி ஒருத்தரும் இல்ல. ஒரு லேடி இன்ஸ்பெக்டர் பாதையில இருக்கிற கடை கடையா கேட்டுக்கிட்டு வந்தாங்க. என் கடைக்கும் வந்தாங்க. நீங்க அவங்க அக்காதானேன்னு கேட்டாங்க. டீ வேணாம்னாங்க.

நான் சொல்லலைன்னா அவ தப்பிச்சிடுவா. அது எனக்கு நல்லாத் தெரியும். எனக்கு இந்த ஒலகத்துல இருக்கறது அவ ஒருத்திதான்னும் தெரியும். சொல்லக் கூடாதுன்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன். ஆனா பால் பொங்கறதைப் பாத்துட்டே நிக்கறப்ப, அன்னிக்கு நடுரோட்டுல நின்னு நான் கும்பிட்டது ஞாபகம் வந்துது. ஒரு பொணத்தைப் பாத்து என்னை சந்தோஷப்பட வெச்சிட்டாளே. அந்த ஆத்திரம் எனக்கு அடங்கல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். சொல்லிட்டு அந்தம்மா எதுர்லயே அழுதுட்டேன்.

அதுக்கப்புறம் சொந்தக்காரங்க என் வாசல்ல கால் வெக்கறதில்ல. கூடப் பொறந்தவளைக் கயித்துல ஏத்தறாளே, இவ பொம்பளையான்னு பேசினாங்க. அவ வேலூர் ஜெயில்ல இருந்தப்ப பாக்கப் போனேன். மனு எழுதிக் குடுத்துட்டு பொழுதுக்கும் உக்காந்திருந்தேன், வரமாட்டேன்னு சொல்லிட்டாளாம். பஸ்ஸுல திரும்பி வர்றப்ப கண்ணாடில தலையைச் சாச்சிட்டு தூங்கிப்போயிட்டேன். அந்தக் காலத்துல எனக்கு பஸ்ஸுலதான் தூக்கமே வரும்.

கேஸு இழுத்துது. போனா வாய்தா, போனா வாய்தா. ஜட்ஜு லீவு, வக்கீலு வரல, அடுத்த மாசம் வாம்மா. கடையைச் சாத்திட்டுப் போறதும் கோர்ட்டு மரத்தடியில உக்காந்துட்டு வர்றதுமா என் ஒடம்பே தேஞ்சிபோச்சு. ரோட்டுல மாட்டியிருந்த கேமராவுல ஒரு ஆட்டோ தெரிஞ்சிது, பனியில நம்பர் தெரியல. டாக்டரு கூண்டுல ஏறி, விழுந்ததுலயும் அப்படி ஆகலாம், நிச்சயமா சொல்ல முடியாதுன்னுட்டாரு. கடைசில எல்லாம் என் ஒருத்தி வாயிலதான் வந்து நின்னுது. நான் சொல்றதை ஜட்ஜு நம்பினா அவளுக்கு ஆயுள். நம்பலைன்னா வீடு.

அவங்க பக்கத்து வக்கீலு மெட்ராஸ்காரரு, சின்ன வயசு, மரியாதையாத்தான் பேசினாரு. உங்க தங்கச்சி வீட்டுக்கும் அந்த மதகுக்கும் எவ்ளோ தூரம்மான்னு கேட்டாரு. கூப்பிடு தூரம்னேன். அப்ப பொணத்தை ஆட்டோல ஏத்தினவங்க அப்படியே அந்தப் பக்கம் போய் இறக்கிட்டு வந்திருக்கலாமே, ஒரு டீ குடிக்கிற நேரம் கூட ஆகாதேன்னாரு. அதை விட்டுட்டு எதுத்த பக்கம் திரும்பி, மலை முழுக்க சுத்தி, டவுனுக்குள்ள பூந்து, பஸ் ஸ்டாண்டு, போலீஸு, ஜனம் எல்லாத்தையும் தாண்டி, நீங்க உக்காந்திருக்கிற கடை வாசல்லயும் நின்னு கும்பிட்டுட்டு, அப்புறம் அந்த மதகுக்கே வந்தாங்களா? கொலை பண்ணவங்க யாராவது இப்படிப் பண்ணுவாங்களாம்மா?

கோர்ட்டுல சிரிச்சிட்டாங்க. எனக்கே அது பைத்தியக்காரத்தனமாத்தான் பட்டுது. ஏன் அப்படி வந்தாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க, வந்ததை நான் பாத்தேன்னேன். அதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியல. அப்ப கூண்டுல நின்ன என் தங்கச்சியைப் பாத்தேன். வக்கீலு பைத்தியக்காரத்தனம்னு சொன்னப்ப அவ வாயைத் திறந்தா, ஏதோ சொல்ல வந்தா. அப்புறம் மூடிக்கிட்டா.

சந்தேகம் இருக்குதுன்னு சொல்லி ரெண்டு பேரையும் விட்டுட்டாங்க. ஆட்டோக்காரன் அன்னிக்கே ஊரை விட்டுப் போனவன்தான், பெங்களூர்ல வண்டி ஓட்டறான்னு சொன்னாங்க. இவளைத் திரும்பிக்கூடப் பாக்கலையாம். இவ அதே வீட்டுக்குத் தனியாப் போய் இருந்தா. எனக்குக் கோவம் வரலை. உண்மையைச் சொல்லணும்னா அவளுக்கு ஆயுள் இல்லைன்னு கேட்டதும் மூச்சு வந்துது எனக்கு. ஒருவேளை நான்தான் பனியில தப்பாப் பாத்துட்டேனோன்னு கூட நெனச்சிக்கிட்டேன். அப்படி நெனச்சிக்கறது சொகமா இருந்துது. ஊரே அதைத்தானே சொல்லுது, நானும் நம்பிட்டுப் போறேனே.

விடுதலையானப்புறம் வந்த மொத பௌர்ணமி. ராத்திரிக்குத்தான் கூட்டம் ஏறும், மத்தியானம் வெயில்ல ஒண்ணு ரெண்டு பேருதான் நடப்பாங்க. மேக்கேர்ந்து ஒருத்தி வெறுங்கால்ல வந்தா. மூஞ்சி தெரியறதுக்கு முன்னாடியே நடையில தெரிஞ்சிபோச்சு. ரொம்ப எளைச்சிருந்தா, நெத்தியில துன்னூறு, கையில வளையல் இல்ல. லிங்கத்தைக் கும்பிட்டுட்டு ரோட்டைத் தாண்டி வந்து என் கடை பெஞ்சில உக்காந்தா. பாய் எழுந்து கடைக்கு உள்ள போயிட்டாரு.

அத்தனை மாசத்துக்கு அப்புறம் அவளைப் பக்கத்துல பாக்கறேன், எப்படி இருக்கேன்னு கேக்கத் தோணல. கட்டிப்புடிச்சி அழவும் தோணல. வக்கீலு கேட்டதைத்தான் கேட்டேன்.

"ஏண்டி என் கடை வழியா வந்த?"

அவ கால்ல ஒட்டியிருந்த தாரைத் தேய்ச்சிக்கிட்டே சொன்னா. ஆட்டோ செங்கம் ரோட்டுப் பக்கம் பாத்துத்தான் நின்னுதாம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போட்டுட்டு வந்துடலாம்னுதான் அவனும் சொன்னானாம். இவதான் அவர் தலையைத் தோள்ல சாச்சிக்கிட்டு, வண்டியைத் திருப்புன்னு சொல்லியிருக்கா. பைத்தியமாடி உனக்குன்னு அவன் கெட்ட வார்த்தையில திட்டினானாம். திருப்பலைன்னா கத்துவேன்னு சொன்னாளாம். ஒவ்வொரு லிங்கத்துக்கிட்டயும் நிறுத்த வெச்சி, அவருக்காகவும் சேத்துக் கும்பிட்டாளாம்.

"எவ்ளோ நாளா கேட்டாரு, ஒரே ஒரு சுத்து கூட்டிட்டுப் போடின்னு," அப்படின்னா. "கடைசியாப் போறவரை, மலையை இடமா வெச்சி எப்படிக்கா கூட்டிட்டுப் போறது? பாவம் இல்ல?"

அவ மூஞ்சியையே பாத்தேன். நடிப்பு ஏதாவது இருக்குதான்னு தேடினேன். ஒண்ணும் இல்ல. நெசமாவே என்கிட்ட கேக்கறா. சின்ன வயசுல, கோயில்ல செருப்பை எங்கக்கா விடறதுன்னு கேப்பாளே, அதே மூஞ்சி. தலைக்காணியை வெச்சி அமுக்கறப்ப பாவம்னு தோணலையாடின்னு கேக்க வாய் வந்துது, கேக்கல. கேட்டா அதுக்கும் ஒரு பதில் வெச்சிருப்பாளோன்னு பயந்துட்டேன்.

"ரெண்டு டீ குடுக்கா," அப்படின்னா.

ரெண்டு எதுக்குன்னேன்.

"அன்னிக்கு நீ கூப்பிட்ட. குடிக்காமயே போயிட்டோம்."

என் கை தானா ரெண்டு டீயை ஆத்திடுச்சு. பழக்கம். ஒண்ணை அவ குடிச்சா. இன்னொண்ணைப் பக்கத்துல, பெஞ்சு மேல வெச்சா. அப்புறம் எழுந்து, வர்றேன்க்கான்னு சொல்லிட்டு டவுன் பக்கமா நடந்து போயிட்டா. மலை அவளுக்கு வலது கைப்பக்கம் இருந்துது. பெஞ்சு மேல இருந்த கிளாஸை நான் தொடல. சாயந்திரம் பாய் வந்துதான் எடுத்துக் கொட்டினாரு.

இனி இதைப் போய் நான் யார்கிட்ட சொல்றது? பாத்ததைச் சொன்னப்பவே சிரிச்சவங்க.

அதுக்கடுத்த மாசத்துலேர்ந்துதான் பௌர்ணமிக்குக் கடை கெடையாது. மத்தியானம் விளக்குகூடப் போடாம உள்ள படுத்திருப்பேன். வெயில் தாழறதுக்கு முன்னாடி ஷட்டரை யாரோ மெதுவாத் தட்டுவாங்க. அக்கா, ரெண்டு டீன்னு கொரல் வரும். நான் எழுந்திருக்க மாட்டேன்.